அரிவாள்மணை ஏன் எளிதில் மழுங்குவதில்லை?

ரமணாசிரமத்து அடுக்களையில் வேலை செய்த சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்றோரின் நினைவுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். பொழுது புலர்வதற்கு வெகுநேரம் முன்பே ரமணர் அடுக்களைக்கு வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். காம்பையும் தோலையும்கூட வீணாக்க விடமாட்டார். திருவண்ணாமலை இன்றும் விடியுமுன் காய் நறுக்கும் ஊர்தான். பௌர்ணமி வந்தால் 14 கி.மீ. கிரிவலப் பாதை நெடுக அன்னதானப் பந்தல்கள். கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்குச் சமைக்க ஊரிலுள்ள மடங்கள், சத்திரங்கள், ஓட்டல்கள் எல்லாவற்றிலும் முந்தின இரவே பூசணியும் கத்தரிக்காயும் மூட்டை பிரியும். அண்டாவையும் அடுப்பையும் பற்றிப் பேசுகிறோம். அந்த மூட்டைகளையெல்லாம் துண்டு துண்டாக்கும் இரும்பின் விளிம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய விஷயம் அதில் நிறைய இருக்கிறது.

கூர்மை என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். நன்றாகத் தீட்டிய சமையல் கத்தியின் விளிம்பு சுமார் ஒரு மைக்ரான் அகலம் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். இந்த விளிம்பில் 5 செ.மீ. நீளம் ஒரு பூசணித் துண்டின் மேல் படுகிறது, கை ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோ, கண்ணுக்கே தெரியாத ஒரு கோட்டின் மேல் இறங்குகிறது. கணக்குப் போட்டால் விளிம்புக்குக் கீழே காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்கு அழுத்தம் வருகிறது. காயின் செல்சுவர் அதைத் தாங்காமல் பிளக்கிறது. அதே விளிம்பு தேய்ந்து 20 மைக்ரான் ஆகிவிட்டால், அதே அழுத்தத்துக்கு 20 கிலோ தேவை. தோள் வலிக்கிறது, கத்தி வழுக்குகிறது, விரல் அறுபடுகிறது. சமையலறையில் ஆபத்தான கத்தி மழுங்கிய கத்திதான் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

கூர்மை போவது என்றால், ஒரு மைக்ரான் அகலக் கோடு வளைவது, உடைவது, கரைவது. இந்த மூன்றையும் செய்வது யார்? காய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் எண்ணம் வேறு. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் எஃகை அவ்வளவு சுலபமாக ஒன்றும் செய்துவிடாது. காயை அறுத்து முடித்த அடுத்த நொடியில் விளிம்பு எதைத் தொடுகிறது, அதற்குப் பிறகு கத்தி எப்படிக் கிடக்கிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

அரிவாள்மணையைக் கவனியுங்கள். பலகையில் ஒரு காலை ஊன்றி உட்கார்கிறோம். அலகு நம்மைப் பார்த்து வளைந்து அசையாமல் நிற்கிறது. காயை இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் தள்ளுகிறோம். காய் இரண்டாகிறது, விளிம்புக்கு அப்பால் இருப்பது வெறும் காற்று. பலகை இல்லை, தட்டு இல்லை, மேடை இல்லை. ஆயிரம் முறை நறுக்கினாலும் அந்த விளிம்பு காயைத் தவிர வேறெதிலும் இடிப்பதில்லை. வாரக்கணக்கில் தீட்டாமலேயே பாட்டிமார் அதில் பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்கியதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதன் வளைவிலும் ஒரு பொறியியல் இருக்கிறது. தக்காளியைக் கத்தியால் நேராக அழுத்தினால் நசுங்கும். சற்றே இழுத்து அறுத்தால் தோல் உடனே விட்டுக்கொடுக்கும். வெட்டுதலின் இயற்பியலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனி அட்கின்ஸ். அழுத்தும் வேகத்தோடு ஒப்பிட விளிம்பின் நெடுக்கே இழுக்கும் வேகம் கூடக்கூட, தேவைப்படும் அழுத்து விசை மளமளவென்று குறைகிறது என்பதை அவரும் சகாக்களும் கணக்காகக் காட்டினார்கள். அரிவாள்மணையின் அலகு வளைந்திருப்பதால், நேராகத் தள்ளினாலும் காய் அந்த வளைவின் மேல் வழுக்கியபடிதான் அறுபடுகிறது. தனியாக இழுக்க வேண்டியதில்லை, வடிவமே இழுத்துவிடுகிறது.

இப்போது நம் சமையலறைகளில் அரிவாள்மணை பரணுக்குப் போய்விட்டது. நின்றுகொண்டு சமைக்கும் மேடைக்கு அது ஒத்துவராது. முழங்கால் வலி உள்ளவர்களிடம் திரும்ப உட்காரச் சொல்லவும் முடியாது. கத்திக்கு மாறியதில் தவறில்லை. அரிவாள்மணைக்கு இயல்பாகவே கிடைத்த பாதுகாப்பைக் கத்திக்கு நாம்தான் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டோம். எவர்சில்வர் தட்டில் வைத்து வெங்காயம் நறுக்குவது நம் வீடுகளில் சாதாரணம். ஒவ்வொரு வெட்டிலும் எஃகு எஃகில் மோதி, விளிம்பு ஒரு பக்கமாக மடிகிறது. கருங்கல் மேடையில் நேரடியாக நறுக்குவது இன்னும் மோசம். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், மோ கடினத்தன்மை அளவுகோலில் 7. கத்தி எஃகு அதற்குச் சற்றுக் கீழே. கல் எஃகைக் கீறும், எஃகு கல்லைக் கீறாது. கண்ணாடிப் பலகைகளும் அப்படியே. மரப்பலகை விளிம்புக்குச் சற்று இடம் கொடுக்கும். கறிக்கடைகளில் புளியமரத்து அடிக்கட்டையை வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னிக்கிடக்கும் அதன் நார்கள் கத்தியின் அடியையும் தாங்குகின்றன, கத்தியையும் காப்பாற்றுகின்றன.

அதே குவார்ட்ஸ் இன்னொரு வழியாகவும் வருகிறது. கீரைக்கட்டின் வேரோரம் ஒட்டியிருக்கும் மண்ணில் இருப்பது பெரும்பாலும் அதன் துகள்கள்தான். அலசாத கீரையை நறுக்கும்போது நற நறவென்று ஒரு சத்தம் கேட்குமே, ஒவ்வொரு நறநறப்பும் விளிம்பில் ஒரு கீறல். கீரையை நறுக்கிய பிறகு அலசினால் சத்துப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலிலேயே அலசுவது கத்திக்கும் நல்லது.

மென்மையான பொருளால் எஃகுக்குக் கேடில்லை என்ற என் வாதத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதுவும் திருவண்ணாமலைக்கு நெருக்கமானது. அண்ணாமலையார் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு முடி காணிக்கை கொடுப்பவர்கள் ஏராளம். முடி, சவர பிளேடின் எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு சீக்கிரமே போய்விடுகிறதே, எப்படி? அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜான்லூக்கா ரோஷியோலி என்ற ஆய்வாளர் தன் முகத்தைத் தானே மழித்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்து வட்டமாகியிருக்கும் என்பது எதிர்பார்ப்பு. பார்த்ததோ சின்னஞ்சிறு பற்களாகப் பிய்ந்து போன விளிம்பு. 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் அவரும் சகாக்களும் வெளியிட்ட முடிவு இது: எஃகின் நுண் அமைப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முடி நேராக நிற்காமல் சாய்ந்து, விளிம்பின் பலவீனமான ஓரிடத்தில் மோதும்போது, விசை அந்த ஒரு புள்ளியில் குவிந்து எஃகைப் பிய்த்துவிடுகிறது.

இதிலிருந்து சமையல் கத்திக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. விளிம்பைப் பக்கவாட்டில் அழுத்தக்கூடாது. நறுக்கி முடித்ததும் காய்த் துண்டுகளைக் கத்தியின் கூரான பக்கத்தாலேயே பலகையிலிருந்து வழித்துத் தள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த வழிப்பு, காய் நறுக்குவதைவிட விளிம்பை அதிகம் வளைக்கும். கத்தியைத் திருப்பி முதுகால் வழித்தால் போதும். மொட்டை போடுபவர் முடியை நன்றாக நனைத்து ஊறவிடுவதும் இதே கணக்கில்தான் வருகிறது. தண்ணீர் குடித்த முடி இளகுகிறது, பிளேடுக்கும் தலைக்கும் வேலை குறைகிறது.

வளைவதும் உடைவதும் போக, மிச்சம் இருப்பது கரைவது. துருவைப் பற்றி நமக்குத் தெரியும், ஆனால் அது எங்கே முதலில் தாக்கும் என்பதை யோசிப்பதில்லை. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரையத் தொடங்கும். புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளியின் அமிலம் இருந்தால் இன்னும் வேகம். கத்தியின் உடலில் ஒரு மைக்ரான் இரும்பு போனால் யாருக்கும் தெரியாது. விளிம்பில் ஒரு மைக்ரான் போனால் விளிம்பே இல்லை. கார்பன் எஃகுக் கத்தியில் எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டு அப்படியே வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் விளிம்போரம் ஏறும். ஊறுகாய்க்கு நறுக்கும் நாளில் இடையிடையே துடைக்காவிட்டால், கடைசிப் பழத்துக்கு வரும்போது கத்தி திணறும். கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வருகிறது. காற்றே ஈரமாக இருக்கும் அந்த மாதத்தில், கழுவிய கத்தியைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்தால் காலையில் செம்புள்ளிகள் நிற்கும்.

எண்ணெய் ஏன் என்பதும் இதனால் விளங்கும். ஈரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய திரை, அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். காற்றில் பட்டு அது பிசினாக இறுகுவதில்லை என்பதால் இந்த வேலைக்கு நல்ல எண்ணெய் என்பேன். பலாப்பழம் அறுக்கும் நாளில் முன்கூட்டியே கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவுகிறோமே, அங்கே காரணம் வேறு: பலாப்பால் தண்ணீரில் கரையாத ரப்பர் வகைப் பொருள், எண்ணெய் பூசிய பரப்பில் ஒட்டாது. ஆயுத பூஜையன்று கத்தி அரிவாள்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஈரச் சந்தனம் ராத்திரி முழுக்க இரும்பின் மேல் இருந்தால், எடுக்கும்போது பொட்டு வைத்த இடத்தில் துரு வட்டம் இருக்கும். முதலில் எண்ணெய் தடவி, அதன்மேல் சந்தனம் வைத்தால் பூஜையும் நடக்கும், இரும்பும் பிழைக்கும்.

வாழைக்காயோ வாழைப்பூவோ இரும்புக் கத்தியில் பட்டால் கறுத்துவிடும். காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கரிய சேர்மமாகிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மையும் இதே வேதியியல்தான். இந்தக் கறை கத்திக்குக் கெடுதல் செய்யாது. பழைய அரிவாள்மணைகளின் மேல் படிந்திருக்கும் கருநிறப் படலம் சிவந்த துருவை ஓரளவு தள்ளிப்போடும். பளபளக்க வேண்டும் என்று அதைச் செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கும். சிவப்புத் துருவைத் தேய்த்து எடுங்கள், கறுப்பை விட்டுவிடுங்கள்.

எவர்சில்வர் கத்தி வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தமக்கில்லை என்று நினைக்கலாம். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு சில நானோமீட்டர் தடிமனில் தானாகவே ஒரு தோலாகப் படிகிறது. கீறினாலும் மறுபடி மூடிக்கொள்கிறது. அந்தத் தோலுக்குப் பெரும் பகை உப்பு. சாம்பார் பாத்திரத்தோடு தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் குண்டூசி முனை அளவில் குழி விழும். மலிவான எவர்சில்வர் கத்திகளின் எஃகும் மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும்.

தீட்டுவதற்கு வருவோம். தெருவில் சைக்கிள் சக்கரத்தை மிதித்தபடி “சாணை, சாணை” என்று குரல் கொடுத்து வருபவர்கள் இப்போது அபூர்வமாகிவிட்டார்கள். மோட்டார் வைத்த சாணை வந்துவிட்டது. சுழலும் அந்தக் கல்லில் பெரும்பாலும் இருப்பது செயற்கைப் பொருள். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்தது சிலிக்கான் கார்பைடு. கார்போரண்டம் என்று பெயரிட்டார். மோ அளவுகோலில் 9க்கு மேல். 1954இல் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கிய பிறகு, இத்தகைய தேய்ப்புக் கற்கள் சென்னைத் திருவொற்றியூரிலேயே உருவாகத் தொடங்கின.

சாணையில் பொறி பறப்பதை நின்று பாருங்கள். எஃகுத் துகள் காற்றில் எரிந்துகொண்டே பறக்கிறது. கம்பி மத்தாப்பில் எரிவதும் இதே இரும்புத் தூள்தான். கார்பன் அதிகமான எஃகில், துகளுக்குள் கார்பன் எரிந்து வாயுவாகி அதை வெடிக்க வைக்கிறது. அதனால் பொறியின் நுனியில் கிளை கிளையாக நட்சத்திரம் பூக்கும். கார்பன் குறைந்த இரும்பில் கிளையில்லாத நீண்ட கோடுகள்தான் வரும். பொறியைப் பார்த்தே எஃகின் தரத்தைச் சொல்லும் கொல்லர்கள் படிப்பது இந்தப் பூவைத்தான்.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கொல்லர் அரிவாளைச் சிவக்கப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது, கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிகத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. மார்ட்டென்சைட் என்ற அந்த இறுகிய நிலைதான் கடினத்தைத் தருகிறது. தோய்த்ததும் அப்படியே விட்டால் கண்ணாடித் துண்டைப் போல உடையும். அதனால் மிதமாக மறுபடி சூடேற்றுவார்கள். சுமார் 220 டிகிரியில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும். 280ஐத் தொட்டால் ஊதா, 300ஐ எட்டினால் நீலம். நிறம் ஏற ஏறக் கடினம் குறைந்து, உடையாத தன்மை கூடும். இந்தப் பதத்தை அறிவது ஒரு வாழ்நாள் கலை. மோட்டார் சாணைக்காரர் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால், முடியைவிட மெல்லிய அந்த விளிம்பு ஓரிரு நொடியில் 300 டிகிரியைத் தாண்டிவிடும். கத்தி நீலம் பாய்ந்து வந்தால், கொல்லர் கொடுத்த கடினம் அந்த இடத்தில் போய்விட்டது. அன்றைக்குக் கூராக வெட்டும்; ஒரு வாரத்தில் மொண்ணையாகிவிடும்.

இந்தப் பதத்தை அறிந்த பூமி இது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் மேக்னடைட் இரும்புத் தாது இருக்கிறது. சற்றுத் தெற்கே சங்கராபுரம் பக்கம் மேல்சிறுவளூரில், உருக்கு காய்ச்சப் பயன்பட்ட பழைய மூசைகளின் உடைசல்களைத் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் ஆராய்ந்தார். களிமண்ணில் உமி கலந்து செய்த சிறு மண்கலங்கள். உள்ளே ஒட்டியிருந்த உலோகத் துளிகளில் ஒரு சதவீதத்துக்கு மேல் கார்பன். ஐரோப்பியர் ஊட்ஸ் என்று கொண்டாடிய தென்னிந்திய உருக்கு அது. லண்டனில் அறுவைக் கத்திகளும் சவரக் கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதை விரும்பி வாங்கினார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பெயர் பெறுவதற்கு முன், அவரோடு சேர்ந்து இந்த உருக்கின் ரகசியத்தைத் தேடி 1820லும் 1822லும் ஆய்வுகளை வெளியிட்டார். இன்று நம் கொல்லர்கள் பலர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கிறார்கள். அதில் கார்பன் பாதியளவுதான், ஆனால் பூசணியையும் தேங்காயையும் தாங்கும் உறுதிக்கு அதுவே சரி.

வீட்டில் தீட்டச் சாணைக்கல் ஒன்று இருந்தால் போதும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. கல்லை நனைத்து, கத்தியைக் கல்லிலிருந்து 15 முதல் 20 டிகிரி தூக்கிப் பிடித்து, கோணம் மாறாமல் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்க விளிம்பில் ஒரு பிசிர் எழும். விரல் நகத்தை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். அந்தப் பிசிர் வந்தால்தான் விளிம்பு வரை கல் எட்டியிருக்கிறது என்று அர்த்தம்; வருமுன் பக்கம் மாற்றினால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. பிறகு மறுபக்கம், பிறகு வழவழப்பான முகம், கடைசியில் பழைய தோல் வாரிலோ மடித்த செய்தித்தாளிலோ பின்புறமாக இழுத்துப் பிசிரை உதிர்க்க வேண்டும். பழைய பீங்கான் ஜாடியின் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும். இடையில் ஒருநாள் கூர் தீட்டிக்கொள்ள அதுவும் உதவும். சரியாக வந்திருக்கிறதா என்று கட்டைவிரலில் பார்க்காதீர்கள், ஒரு தக்காளி போதும்.

கூர்மைக்கு அடுப்படியில் உடனடியாகக் கிடைக்கும் பலன் வெங்காயத்தில் தெரியும். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2025இல் வெங்காயம் அறுபடுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். மழுங்கிய கத்தி தோலை உடனே அறுப்பதில்லை, முதலில் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, தோல் கிழியும்போது சாறு துளிகளாகப் பீச்சியடிக்கிறது. கூர்மையான கத்தியை நிதானமாக இறக்கினால் துளிகளும் குறைவு, வேகமும் குறைவு. கண்ணை எரிக்கும் கந்தகச் சேர்மம் அந்தத் துளிகளில்தான் மேலே வருகிறது. ஓட்டல் அடுக்களைகளில் மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்குபவர்களுக்கு நல்ல கத்தி கொடுப்பது முதலாளியின் கடமை என்று இதனாலேயே சொல்வேன்.

ஆண்டுக்கணக்கில் தீட்டத் தீட்ட அலகின் அகலம் குறைந்து, விளிம்பு முதுகை நோக்கி ஏறும். விளிம்பை மட்டுமே தீட்டிக்கொண்டு வந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் தோள் பகுதி தடித்தே நின்றுவிடும். கத்தி கூராக இருந்தும் கேரட்டை அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்கும். அந்த நிலை வந்தால் வீட்டுக் கல் போதாது. கொல்லரிடமோ சாணைக்காரரிடமோ கொடுத்து, விளிம்பைத் தொடாமல் தோளை மட்டும் மெலியவைத்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை தண்ணீரில் தோய்த்து எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பத்து ரூபாய் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.